நகை மேடையில் ஏறிய நடனங்கள்

டாங்கோ, ரும்பா, கொங்கா, மாம்போ, சாச்சாச்சா, சல்சா என இலத்தீன் அமெரிக்க நடனங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றின் வளர்ச்சியைப் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையுமாகக் கோத்து, ஒரே மாலைப் பொழுதில் காட்டிவிடும் இசைநாடகங்கள் இன்று பல நாடுகளில் மேடையேறுகின்றன. ஒரு நடனம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அரங்கில் அரை நூற்றாண்டு கழிந்துவிடுகிறது. பார்ப்போர் கைதட்டி மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர்.

அந்நடனங்களின் வரலாற்றை எடுத்துச் சொல்லும் அந்த நகை மேடை, அவ்வரலாற்றிலேயே ஒரு முதன்மைப் பாத்திரம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்நடனங்களில் ஒன்றுகூட மாளிகையில் பிறந்ததில்லை. துறைமுகங்களிலும், அடிமைகளின் குடியிருப்புகளிலும், ஒண்டுக் குடித்தனங்களின் முற்றங்களிலும் பிறந்தவை அவை. அவலநாடகத்திலும் ஓபராவிலும் அவற்றுக்கு இடமில்லை. ஏழைகளும் வேலைக்காரரும் வந்துபோகும் நகைச்சுவை நாடகத்தில்தான் அவற்றுக்குக் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவு அனைவருக்கும் திறக்கவில்லை. நடனம் உள்ளே வந்தது. அதைப் படைத்தவர் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர். அந்த வாயிலில் காவலராகச் சில வேளைகளில் திருச்சபையின் பெரியோரும் நின்றதுண்டு. இவை அனைத்தையும் சேர்த்தே இக்கட்டுரையில் சிந்திக்க முயல்கிறோம்.

கசையடியிலிருந்து திருப்பாடுகளின் இசைவரை

நம் கதை 16-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சரபாந்தா என்னும் ஆட்டத்தின் பெயர் முதன்முதலில் நமக்குக் கிடைப்பது 1539-இல் பனாமாவில் எழுதப்பட்ட ஒரு செய்யுளில். புதிய உலகிலிருந்து கப்பலேறி ஸ்பெயினுக்கு வந்ததாகக் கருதப்படும் இவ்வாட்டம், அங்கே நாடக அங்கங்களுக்கு இடையே ஆடப்பட்ட சிறு கூத்துகளில் புகுந்துகொண்டது. 1583-இல் மாட்ரிட் நகர நீதிபதிகள் இதைத் தடைசெய்தனர். சரபாந்தாப் பாடலைப் பாடினாலே 200 கசையடி. அதற்கு மேல் ஆண்களுக்கு 6 ஆண்டு கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்கு நாடுகடத்தல். ஒரு பாட்டுக்கு இத்தனை தண்டனையா என்று நாம் வியக்கிறோம். அரசு அதை அத்தனை அஞ்சியது என்பதே பொருள்.

இயேசு சபையைச் சேர்ந்த பேரறிஞர் ஹுவான் தெ மரியானா, பொதுக் காட்சிகளைக் கண்டித்து 1609-இல் வெளியிட்ட நூலில் சரபாந்தாவைக் கடுமையாகச் சாடினார். அவர் வருந்திக் குறிப்பிடும் செய்தி ஒன்று நம்மைச் சற்றே புன்னகைக்க வைக்கிறது. புகழ்பெற்ற ஒரு நகரில் நற்கருணைப் பெருவிழாப் பவனியிலும், கன்னியர் மடங்களிலும்கூட இவ்வாட்டம் ஆடப்பட்டதாம். தடை ஒரு பக்கம் இருக்க, மக்கள் தம் மகிழ்ச்சியைத் தம் ஆண்டவரிடமும் கொண்டுபோய்க் காட்டியிருக்கின்றனர்.

சரபாந்தாவைத் தொடர்ந்து வந்தது சக்கோனா. இதன் பாடல்கள் பசியும் உழைப்பும் இல்லாத இன்பநாடு ஒன்றைப் பற்றிப் பேசின. செர்வாந்தஸ் 1613-இல் வெளியிட்ட கதை ஒன்றில், தொலேதோ நகரச் சத்திரத்து வாசலில் கோவேறு கழுதை ஓட்டும் இளைஞரும் பாத்திரம் துலக்கும் பெண்களும் இதை ஆடுகின்றனர். யாருடைய ஆட்டம் இது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பின்னர் நடந்தது என்ன? இவ்விரு ஆட்டங்களும் பிரான்சு அரசவையை அடைந்தன. நடை தளர்ந்து, நாகரிகம் பூண்டு, கம்பீரமான இசை வடிவங்களாயின. 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் காணப்படும் பாக்கின் தனி வயலின் இசைக்கோவைகளுள் ஒன்று மாபெரும் சக்கோனாவுடன் நிறைவுபெறுகிறது. 1727-இல் முதன்முதலாக இசைக்கப்பட்டதாக அறிஞர் கருதும் அவரது மத்தேயுவின் திருப்பாடுகளிலோ, ஆண்டவரின் கல்லறை அருகே கண்ணீரோடு அமரும் நிறைவுப் பாடல் சரபாந்தாவின் தாளநடையில் அமைந்துள்ளது என்று இசை வல்லுநர் கூறுவர். கசையடி பெற்ற ஆட்டம் ஒன்றரை நூற்றாண்டில் ஆண்டவரின் கல்லறையருகே முழங்காலிட்டது. ஆனால் அப்போது சத்திரத்து வாசலில் ஆடியவர்களை நினைப்பார் யாருமில்லை.

ஹவானா: விடுதலையும் கரிபூசிய முகமும்

இனிக் கூபாவுக்குச் செல்வோம். பிரெஞ்சு நாட்டின் குழுநடனம் ஒன்று ஸ்பானியர் வழியாகவும், 1791-இல் எழுந்த அடிமைகளின் புரட்சியை அடுத்து இன்றைய ஹெயிட்டியிலிருந்து தப்பி வந்தோர் வழியாகவும் இத்தீவை அடைந்து, கொந்த்ரதான்சா எனப் பெயர் பெற்றது. இவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கூபா இசையேடு 1803-ஐச் சேர்ந்தது. அதன் பெயர் 'சான் பாஸ்குவால் பைலோன்'. நற்கருணைப் பக்தியால் புகழ்பெற்ற பிரான்சிஸ்கன் துறவியான புனித பாஸ்குவாலை நம் வாசகர் அறிவர். நற்கருணை மாநாடுகளின் பாதுகாவலராக 1897-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அறிவித்ததும் அவரையே. அவருடைய குடும்பப் பெயர் ஸ்பானிய மொழியில் ஆடுவோன் என்னும் சொல்லோடு ஒத்து ஒலிப்பதால், அவர் திருவுருவத்தின் முன் ஆடி மகிழ்ந்தார் என்று மக்கள் கதை புனைந்துகொண்டனர்.

நடனம் வெள்ளையர் மாளிகையில் நடந்தாலும் இசைத்தவரில் பெரும்பாலோர் கருப்பினத்தவரும் கலப்பினத்தவருமே. அவர்களுடைய கையில் ஐரோப்பியத் தாளம் ஆப்பிரிக்க நடையைக் கற்றது. 1844-இல் அடிமைகளின் சதி என்று கூறி அரசு கட்டவிழ்த்துவிட்ட ஒடுக்குமுறையில், கவிஞர் பிளாசிதோ மத்தான்சாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலை பெற்ற கருப்பின இசைவாணர் பலர் சிறைப்பட்டனர், நாடுகடத்தப்பட்டனர். இசை இனிமையாக இருந்தது. இசைத்தவன் தலைநிமிர்ந்து நின்றதுதான் குற்றமாயிற்று.

1868-ஆம் ஆண்டு மே மாதம் ஹவானாவின் வில்லநுவேவா அரங்கில் 'ஹவானா பூஃபோக்கள்' என்னும் நாடகக் குழு தோன்றியது. பாரிசிலும் மாட்ரிட்டிலும் நடந்த கேலி இசைநாடகங்களைப் பின்பற்றியும், வெள்ளையர் முகத்தில் கரிபூசி நடித்த அமெரிக்கக் கேளிக்கைக் குழுக்களைப் பார்த்தும் உருவான குழு அது. உள்ளூர்ப் பேச்சு, உள்ளூர்த் தெரு, உள்ளூர் மனிதர்; இடையிடையே குவராச்சா என்னும் துள்ளல் பாட்டும் ஆட்டமும். இத்தாலிய ஓபராவுக்குப் பழகிய நகரம் முதன்முறையாகத் தன் குரலைத் தானே மேடையில் கேட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கிற்று. 1869 சனவரி 22 அன்று வில்லநுவேவா அரங்கில் பூஃபோ நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெண்கள் விடுதலைக் கொடியின் நிறங்களில் உடுத்தி வந்திருந்தனர் என்பர். ஒரு வசனத்தைத் தொடர்ந்து கூட்டத்திலிருந்து விடுதலை முழக்கம் எழுந்தது. அரங்கைச் சூழ்ந்திருந்த ஸ்பானியத் தொண்டர் படையினர் சுட்டனர். சிரிக்க வந்தவர்கள் செத்து வீழ்ந்தனர். அப்போது 16 வயது நிரம்பச் சில நாள்களே இருந்த ஹொசே மார்த்தி, அருகிலிருந்த தம் ஆசிரியர் வீட்டில் இருந்தார். குண்டுகளுக்கிடையே தம்மைத் தேடி வந்த தாயைப் பின்னாளில் அவர் கவிதையில் நினைவுகூர்ந்தார். கூபா இன்றும் சனவரி 22-ஐத் தன் நாடக நாளாகக் கொண்டாடுகிறது.

இத்தனை பெருமை உடைய இந்நாடகத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பூஃபோக்களின் முதல் வெற்றி நாடகம், கற்றவரைப் போலப் பேச முயலும் கருப்பரைக் கேலி செய்வது. மேடையில் வழக்கமாக மூவர் வருவர்: பேராசை கொண்ட ஸ்பானியக் குடியேறி, அழகிய கலப்பினப் பெண், குறும்புக்காரக் கருப்பர். அந்தக் கருப்பராக நடித்தவர் கரிபூசிய வெள்ளையர். பேரரசை எதிர்த்து நின்ற அதே சிரிப்பு, அடிமையையும் எள்ளி நகையாடியது. விடுதலை வேண்டிய மேடை எல்லாருக்கும் விடுதலை வேண்டவில்லை.

போர் 1878-இல் ஓய்ந்தபின் பூஃபோக்கள் திரும்பி வந்தனர். 1879-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று மத்தான்சாஸ் மன்றத்தில், கலப்பினத்தவரான மிகேல் ஃபாயில்தே தம் குழுவினருடன் 'சிம்சன் மேடுகள்' என்ற இசையை அரங்கேற்றினார். சிம்சன் என்பது அவ்வூரின் ஒரு பேட்டை. தன்சோன் என்னும் நடனத்தின் பிறந்தநாளாக வரலாறு அந்நாளையே குறித்துக்கொண்டுள்ளது. தன்சோனில் முன்னுரை இசைக்கும்போது இணைகள் ஆடுவதில்லை. கைகோத்து நடப்பர், விசிறிக்கொள்வர், நண்பருக்கு வணக்கம் சொல்வர். அதன்பின்தான் ஆட்டம். இத்துணை நாகரிகமான நடனத்தையும் அன்றைய இதழ்கள் ஆப்பிரிக்கக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏசின. அடிமைத்தனம் ஒழிந்ததே 1886-இல்தான் என்பதை நினைத்தால் அந்த ஏச்சின் காரணம் விளங்கும். பின்னர் அதே தன்சோன் கூபாவின் தேசிய நடனமாயிற்று.

1900 முதல் 1935 வரை ஹவானாவின் அல்ஹாம்பரா அரங்கு பூஃபோ மரபைத் தொடர்ந்தது. அரசியல்வாதிகளை அஞ்சாமல் கிண்டல் செய்த அம்மேடையில் ரும்பாவும் தன்சோனும் ஒலித்தன. பார்வையாளர் ஆண்கள் மட்டுமே. மற்ற அரங்குகளில் மென்மையான இசைநாடகங்கள் எழுந்தன. 1927-இல் அரங்கேறிய 'லா நீஞ்ஞா ரீத்தா' நாடகத்தில், ரீத்தா மொந்தானேர் என்னும் பெரும் பாடகி கருப்பின வண்டியோட்டியாக ஆண்வேடம் பூண்டு பாடிப் புகழின் உச்சியை அடைந்தார். அவருடைய தாய் கலப்பினத்தவர். ஆப்பிரிக்க இரத்தம் அவர் உடலிலேயே ஓடியது. ஆயினும் மேடையின் வழக்கப்படி அவரும் முகத்தில் கரிபூசிக்கொண்டே கருப்பராக நடித்தார். தன் சொந்த முன்னோரை நடிப்பதற்கும் முகமூடி வேண்டியிருந்தது.

பிறகு வந்த வளர்ச்சி விரைவானது. 1938-இல் ஒரேஸ்தெஸ் லோப்பஸ் 'மாம்போ' என்ற பெயரில் ஒரு தன்சோனை அமைத்தார். அதன் இறுதிப் பகுதியின் துள்ளலே, பெரெஸ் பிராதோவின் கையில் தனி நடனமாகி 1949 முதல் மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரவியது. மாம்போவின் சிக்கலான தாளத்தில் பொதுமக்கள் தடுமாறுவதைக் கவனித்த என்ரீக்கே ஹொரீன், 1950-களின் தொடக்கத்தில் அதை எளிமையாக்கினார். தரையில் காலணி உரசும் ஓசையே அந்நடனத்தின் பெயராயிற்று: சாச்சாச்சா. ஆடத் தெரியாதவரையும் ஆட வைக்க வேண்டும் என்ற ஓர் இசைவாணரின் பரிவில் பிறந்த நடனம் இது.

புவெனஸ் அயர்ஸ்: முற்றத்துச் சிரிப்பு

டாங்கோவின் ஊரான புவெனஸ் அயர்சில் 1778-இல் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வழியினர். 1887-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. போர்களும் நோய்களும் கலப்பும் மட்டுமல்ல, கணக்கெடுப்போரின் கண்களும் அவர்களை மறையச் செய்தன. கந்தோம்பே என்னும் தங்கள் முரசாட்டத்தை அவர்கள் நெடுங்காலம் காத்துவந்தனர்.

1913-இல் 'க்ரீத்திக்கா' நாளேட்டில் 'பழைய டாங்கோக்காரர்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய கட்டுரை, டாங்கோவின் பிறப்பை இப்படி விளக்குகிறது: புறநகர்ப் பகட்டு இளைஞர் கருப்பரின் ஆட்டத்தைப் பார்த்துவந்து, கேலிக்காக அதேபோல் ஆடிக்காட்டினர், அக்கேலியிலேயே புதிய அடவுகள் பிறந்தன. இவ்விளக்கம் முழு உண்மையன்று என்பாரும் உளர். ஆனால் கேலிக்காகப் போலச் செய்தவன் தன்னை அறியாமலே மாணவனானான் என்பதில் ஆழ்ந்த பொருள் உண்டு.

1869-இல் ஏறத்தாழ 1,87,000 பேர் வாழ்ந்த அந்நகரில், 1914-இல் 15,75,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டில் பிறந்தவர். இத்தாலியர், ஸ்பானியர், சிரியர், யூதர் எனப் பலரும் 'கொன்வென்திய்யோ' எனப்பட்ட ஒண்டுக் குடித்தன வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம். அந்த முற்றத்தில் சண்டையும் காதலும் சமையலும் இசையும் ஒன்றாக நடந்தன.

அந்த முற்றத்தையே மேடையாக்கியது சைனெத்தே என்னும் குறுநாடகம். ஸ்பானியச் சிறு இசைநாடகத்தின் வழிவந்த இது, விரைவில் உள்ளூர் நாடகமாக மாறிற்று. 1897-இல் எசெக்கியேல் சோரியா எழுதி அரங்கேறிய 'ஹுஸ்தீசியா கிரியோய்யா' என்னும் நாடகத்தில் டாங்கோ இடம்பெற்றது. அந்நாடகத்தின் பெனித்தோ என்னும் கருப்பினப் பாத்திரம், தான் டாங்கோ ஆடிக் காதலியை வென்ற கதையைச் சொல்லிப் பெருமைப்படுகிறது. கணக்கெடுப்பிலிருந்து மறைந்துகொண்டிருந்த மனிதன் நகை மேடையில் நின்று, இந்த ஆட்டம் என்னுடையது என்கிறான். மக்கள் சிரித்தனர். அவன் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை எத்தனை பேர் உணர்ந்தனரோ!

1918-இல் 'லோஸ் தியெந்தெஸ் தெல் பெர்ரோ' என்னும் சைனெத்தேயில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கபரே விடுதியாக அமைக்கப்பட்ட காட்சியில், ரொபெர்த்தோ ஃபிர்போவின் குழு மேடையிலேயே இசைக்க, மனோலித்தா போலி என்னும் இளம் நடிகை ஒரு டாங்கோவைப் பாடினார். முந்தைய ஆண்டு கார்லோஸ் கார்தெல் பாடியிருந்த 'மி நோச்சே திரிஸ்தே' அது; பிரிவின் துயரைச் சொல்வது. சிரிக்க வந்திருந்த மக்கள் கண்கலங்கினர். நாடகம் பெருவெற்றி பெற்றது. அதன்பின் டாங்கோப் பாடல் இல்லாத சைனெத்தே அரிதாயிற்று. வானொலி வருவதற்கு முன்பு புதிய டாங்கோக்களை மக்களிடம் கொண்டுசேர்த்தது பெரிதும் இந்த நகை மேடையே.

இம்மேடையில் அதிகம் கேலிக்குள்ளானவர் இத்தாலியக் குடியேறிகள். ஸ்பானியமும் இத்தாலியமும் கலந்த அவர்களுடைய கொச்சைப் பேச்சுக்கு, பொதெஸ்தா குடும்பத்தாரின் சர்க்கஸ் நாடகத்தில் தோன்றிய கோமாளி ஒருவனின் பெயரால் 'கொக்கோலீச்சே' என்றே பெயர் விழுந்தது. ஆனால் ஹவானாவில் நடக்காத ஒன்று இங்கே நடந்தது. கேலிக்குள்ளானவரே பார்வையாளராக அமர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் எழுத்தாளராயினர். நேப்பிள்சிலிருந்து வந்த இசைவாணரின் மகனான அர்மாந்தோ திஸ்செப்போலோ 1923-இல் 'மத்தேயோ' என்னும் நாடகத்தை எழுதினார். மோட்டார் வண்டி வந்ததால் பிழைப்பிழந்த குதிரைவண்டிக்காரக் கிழவரின் கதை அது. அவருடைய பேச்சு முன்போலவே சிரிப்பூட்டுகிறது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. 1929-இல் அல்பெர்த்தோ வக்கரேசாவின் 'எல் கொன்வென்திய்யோ தெ லா பலோமா' அரங்கேறி ஆயிரம் முறைக்கு மேல் நடைபெற்றது. தன் முற்றத்தைத் தானே பார்த்துச் சிரிக்க ஒரு நகரமே திரண்டு வந்தது.

பாரிசும் உரோமையும்

இதற்குள் டாங்கோ கடல் கடந்துவிட்டது. 1913-இல் பாரிஸ் நகரம் டாங்கோப் பித்துப்பிடித்துக் கிடந்தது. செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லெல்ம் தம் அதிகாரிகள் சீருடையில் அதை ஆடக் கூடாதென ஆணையிட்டார். பாரிசிலிருந்த அர்ஜென்டினத் தூதர் என்ரீக்கே லரேத்தாவோ, அது தம் நாட்டில் கெட்ட வீடுகளுக்கு மட்டுமே உரியது என்று கூறி ஒதுங்கிக்கொண்டார். 1914 சனவரியில் பாரிஸ் பேராயர் கர்தினால் அமெத் டாங்கோவை வெளிப்படையாகக் கண்டித்தார். உரோமையிலும் கண்டனம் எழுந்தது. திருத்தந்தை 10-ஆம் பத்திநாதர் ஓர் இணையைத் தம்முன் ஆடச் செய்து பார்த்து, இதைவிட நம் வெனிஸ் பகுதியின் ஃபுர்லானா ஆட்டம் மேலன்றோ என்று சொன்னதாக அந்நாள்களில் செய்தித்தாள்கள் ஒரு கதையைப் பரப்பின. கதை இனிமையானது, எனினும் அதைச் செய்தித்தாள் கதையாக மட்டும் கொள்வதே நேர்மை.

அந்த ஆயர்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. அவர்களுடைய அக்கறையில் பொருள் இல்லாமலில்லை. டாங்கோ வளர்ந்த விடுதிகள் பலவற்றில் ஐரோப்பாவிலிருந்து ஏமாற்றி அழைத்துவரப்பட்ட ஏழைப் பெண்கள் விற்கப்பட்டனர் என்பது வரலாற்று உண்மை. அந்தக் கொடுமையைக் கண்டிப்பது ஆயர்களின் கடமை. ஆனால் கண்டனம் விழுந்த இடம் எது? பெண்களை விற்ற வணிகத்தின்மேல் விழ வேண்டிய சினம், பாரிஸ் கூடங்களில் ஆடப்பட்ட அடவுகளின்மேல் விழுந்தது. அதே 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐரோப்பா தன் இளைஞரைப் போர்க்களத்துக்கு அனுப்பியது. நடனம் எந்த நாகரிகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினரோ, அந்த நாகரிகம் தன்னைத் தானே அழித்துக்கொண்டது.

நியூயார்க்: தந்தையின் தடையும் மகனின் புகழும்

கூபாவின் சந்தியாகோ நகரத் திருவிழாக்களில் கருப்பின மக்கள் தெருவில் வரிசையாக ஆடிச்செல்லும் ஆட்டம் கொங்கா. 1925-இல் அந்நகர மேயர் தெசிதேரியோ அர்னாஸ் அதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். 1933-இல் அரசு கவிழ்ந்தது. அக்குடும்பம் எல்லாவற்றையும் இழந்து அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. அவருடைய மகன் தேசி அர்னாஸ் பிழைப்புக்காகக் கையிலெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? தந்தை தடைசெய்த அதே கொங்கா முரசைத்தான்! 1939 அக்டோபரில் பிராட்வேயில் தொடங்கிய 'டூ மெனி கேர்ல்ஸ்' என்னும் இசை நகைச்சுவை நாடகத்தில் கொங்கா முழக்கியே அவர் புகழ்பெற்றார். மேயரின் மகனுக்கு மேடை கிடைத்தது. சந்தியாகோ தெருவில் அதை ஆடியவர்க்கு அந்த மேடை கிடைக்கவில்லை.

1940-களின் இறுதியில் அந்நகரின் பல்லேடியம் நடனக்கூடத்தில் மாம்போ களைகட்டியது. கருப்பர், வெள்ளையர், யூதர், இத்தாலியர், போர்த்தொ ரீக்கோவினர் அனைவரும் ஒரே தளத்தில் ஆடினர். 1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகம் மாம்போவைப் பகைக்கும் காதலுக்கும் நடுவே நிறுத்தியது. சிறந்த படைப்பே, ஆயினும் போர்த்தொ ரீக்கோவினரைப் பற்றிய அதைப் படைத்தவருள் அம்மக்களில் ஒருவரும் இல்லை. 1961-இல் அது திரைப்படமானபோது, போர்த்தொ ரீக்கோவில் பிறந்த ரீத்தா மொரேனோவுக்கும் முகத்தில் கருமை பூசினர். ஹவானாவின் ரீத்தாவுக்கு நேர்ந்தது 34 ஆண்டுகளுக்குப்பின் இந்த ரீத்தாவுக்கும் நேர்ந்தது. 2008-இல் போர்த்தொ ரீக்கோ வழியினரான லின்-மானுவெல் மிராந்தா இசையமைத்த 'இன் தி ஹைட்ஸ்' பிராட்வேயை அடைந்தபோதுதான், அம்மக்கள் தங்கள் தெருவைத் தாங்களே பாடிக்காட்டும் நிலை வந்தது.

டாங்கோவும் பாரிஸ் வழியாகவே மீண்டும் எழுந்தது. 1983-இல் கிளவுதியோ செகோவியாவும் ஹெக்தோர் ஒரெசோலியும் அமைத்த 'டாங்கோ அர்ஜென்டினோ' அங்கே அரங்கேறியது. ஆடியவருள் நடுவயது கடந்தவர் பலர். வயிறு பெருத்தவரும் உண்டு. பேட்டை நடனக்கூடங்களில் கற்றவர்கள் அவர்கள். 1985-இல் பிராட்வேயும் அவர்களைக் கொண்டாடியது. அங்கே ஒருவரும் கேலிச் சித்திரமாக வரவில்லை, தாமாகவே வந்தனர்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

இவ்வரலாறு நமக்குச் சொல்வதென்ன? ஏழையின் கலையை மேலோர் முதலில் தடைசெய்கின்றனர். பின்பு கேலி செய்கின்றனர். பின்பு தமதாக்கிக் கொள்கின்றனர். சரபாந்தாவுக்கும் தன்சோனுக்கும் டாங்கோவுக்கும் கொங்காவுக்கும் நேர்ந்தது இதுவே. இவற்றுள் கேலி என்னும் நடுப்படி இருமுனை உடையது. எளியவனை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனைப் போல் நடித்துச் சிரித்தால் அது இழிவு. எளியவனே பார்வையாளனாக அமர்ந்து, எழுத்தாளனாக எழுதி, தன்னைக் குறித்துத் தானே சிரித்தால் அது விடுதலை. ஹவானாவின் கரிபூசிய முகத்துக்கும் புவெனஸ் அயர்சின் வண்டிக்காரக் கிழவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சாமுவேலின் இரண்டாம் நூலில், ஆண்டவரின் பேழைக்கு முன் தாவீது தம் முழு வலிமையோடு ஆடியதைப் பலகணி வழியாகப் பார்த்த மீக்கால் அவரை உள்ளத்தில் இகழ்ந்தாள். பணிப்பெண்கள் பார்க்க அரசர் ஆடலாமா என்பதே அவளுடைய குறை. தாவீதோ, அந்தப் பணிப்பெண்களின் கண்முன் தாழ்வதைப் பெருமையாகக் கொண்டார். பலகணியில் நின்று பார்ப்பவருக்கு ஆட்டத்தின் கீழ்மை மட்டுமே தெரிகிறது. தெருவில் நிற்பவருக்கே அதன் மகிழ்ச்சி புரிகிறது. மேய்ப்பர்களாகிய நாம் எங்கே நின்று மக்களின் கலைகளைப் பார்க்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

1929-இல், முற்றத்து நாடகம் ஆயிரம் முறை ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், இத்தாலியின் பியமோந்தே பகுதியிலிருந்து ஓர் இளைஞர் குடும்பத்துடன் புவெனஸ் அயர்சில் வந்து இறங்கினார். 1936-இல் அவருக்குப் பிறந்த மகனே ஹோர்ஹே மரியோ பெர்கோலியோ. தமக்கு டாங்கோ பிடிக்கும் என்றும், இளமையில் ஆடியதுண்டு என்றும் அவர் கர்தினாலாக இருந்தபோது அளித்த நேர்காணல் நூலில் மனந்திறந்து கூறினார். அவர் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனபின், 2014 டிசம்பர் 17 அன்று அவருடைய 78-ஆம் பிறந்தநாளில், பெருந்திரளான இணைகள் புனித பேதுரு சதுக்கத்தருகே டாங்கோ ஆடினர். கண்டனம் எழுந்த 1914-க்கும் இந்நாளுக்கும் இடையே நூறு ஆண்டுகள். 2025 ஏப்ரல் 21-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நூறு ஆண்டுகளில் டாங்கோவின் அடவுகள் பெரிதும் மாறிவிடவில்லை. அதைப் பார்த்த கண்களே மாறியிருந்தன. குடியேறிகளின் முற்றத்தை அறிந்த ஒருவர் பேதுருவின் இருக்கையில் அமர்ந்தபோதே அம்மாற்றம் உரோமையில் வெளிப்பட்டது. கந்தோம்பே முரசறைந்தவர்க்கும், மத்தான்சாஸ் இசைவாணர்க்கும், சத்திரத்து வாசலில் ஆடிய வேலைக்காரப் பெண்களுக்கும் உரிய நன்றி இன்னும் முழுமையாகச் செலுத்தப்படவில்லை. அந்நடனங்களைக் கண்டு களிக்கும்போது, அவற்றைப் பெற்றெடுத்தவர்களையும் ஒரு கணம் நினைப்போம்.